மாதிரி வகுப்பில் ஒரு கூடுதல் கேள்வி

பேருந்து அலுவலகத்தில் அவரை எல்லோரும் அட்டவணைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. வண்டி நேரத்துக்கு வந்தால் ஓட்டுநருக்குப் பாராட்டு, வராவிட்டால் அட்டவணைக்காரருக்கு வசவு. அந்த ஏற்பாட்டுக்கு அவர் பழகிவிட்டார். பழக முடியாதது ஒன்றுதான். அலுவலகக் கணக்குப்படி வண்டிகள் பாதி காலியாக ஓடின. ஆனால் வண்டியில் போகிற யாரைக் கேட்டாலும், நிற்கக்கூட இடமில்லை, ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு வந்தேன் என்றார்கள்.

மேலதிகாரியிடம் இதைக் கேட்டார். "ஜனங்க வாயில எப்பய்யா நல்ல வார்த்தை வந்திருக்கு? பொய் சொல்றாங்க, விடுங்க" என்று அவர் அடுத்த கோப்பைப் பிரித்துக்கொண்டார். அட்டவணைக்காரரால் விட முடியவில்லை. மச்சினன் பொய் சொல்லுவான், அது வேறு விஷயம். ஊரே கூடிப் பேசிவைத்துக்கொண்டா பொய் சொல்லும்? கணக்கும் பொய் சொல்லாது, ஏனென்றால் அதைப் போட்டவர் அவரேதான்.

இந்தக் குடைச்சல் தாங்காமல்தான், உச்சந்தலையில் வழுக்கை விழத் தொடங்கிய வயதில், புள்ளியியலில் முதுகலை படிப்பது என்று முடிவு செய்தார். விண்ணப்பம் போட்டதில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று பெரிய பல்கலைக்கழகம். அங்கே புள்ளியியல் துறைக்கு ஐந்து நட்சத்திரம், அதற்கு மேல் ஒரு கிரீடம். நாட்டில் வேறு எந்தத் துறைக்கும் கிரீடம் கிடையாது. அவர்கள் அனுப்பிய வழவழப்பான புத்தகத்தில் தரம் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் மின்னியது. மற்றொன்று பாலத்தடியில் இருந்த சின்னக் கல்லூரி. அவர்கள் அனுப்பியது ஒற்றைத் தாள். அதில் வகுப்புகள் காலையில் நடக்கும் என்று மட்டும் இருந்தது. தரத்தைப் பற்றி மூச்சே இல்லை.

இரண்டு இடத்துக்கும் வார முடிவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் படிப்பு விடுப்பு வேலைக்காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறைதான் தருவார்கள், அதுவும் சம்பளமில்லாமல். தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் அந்தக் காலம் போனது போனதுதான், கூடவே அந்த வண்டி விவகாரம் சாகும்வரை குடைந்துகொண்டே இருக்கும். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களையே நாள் முழுக்கப் பார்ப்பதால், யார் எவ்வளவு அலட்டினாலும் அசர மாட்டாள். வழவழப்புப் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

"இதெல்லாம் சரிங்க. செருப்பு வாங்கினாக்கூட நாலு எட்டு நடந்து பார்த்துட்டுத்தானே வாங்குறோம். நேர்ல போய் ஒரு வகுப்புல உட்கார்ந்து பாருங்க. அங்க படிக்கிறவங்களைக் கேளுங்க, படிச்சு முடிச்சவங்களைக் கேளுங்க. அப்புறம் சேருங்க."

"விடுவாங்களா?"

"கிரீடம் வெச்சிருக்காங்கல்ல, அதைக் காட்டிக்கணுமே, விடுவாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. விடுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. வாசலில் 'தர இயக்ககம்' என்று பலகை. துறையைவிட அந்த இயக்ககம்தான் பெரிதாக இருந்தது. வரவேற்பறையில் அவர் சட்டையில் 'விருந்தாளி' என்று ஒரு வில்லையைக் குத்தினார்கள். கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார்கள். பைக்குள் பேனா, தண்ணீர்ப் புட்டி, கருத்து எழுதும் அட்டை. அட்டையில் 'மிக நன்று', 'மிக மிக நன்று' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன.

தர இயக்குநர் கை நீட்டி வரவேற்றார். சட்டையில் கிரீடம் பொறித்த சின்ன ஊக்குச் சின்னம் குத்தியிருந்தார். எதிரே இருப்பவர் ஒருவரானாலும் ஒரு மண்டபத்துக்குப் பேசுகிறவர் போலவே பேசுவார்.

"உட்காருங்க. நீங்க தரம் பார்க்க வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். முதல்ல எங்க வேலைவாய்ப்பைச் சொல்லிடறேன். இங்க படிச்சவங்க அத்தனை பேருக்கும் வேலை. ஒருத்தர்கூட பாக்கி இல்ல."

அட்டவணைக்காரருக்கு மனைவி சொல்லியனுப்பியது நினைவுக்கு வந்தது. "அவங்கள்ல யாரையாவது பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

"தாராளமா" என்ற இயக்குநர், கதவைத் திறந்து கூடத்தைக் காட்டினார். கூடம் நிறைய மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் கணினியில் மும்முரமாக இருந்தார். "எல்லாரும் இங்கதான். தர இயக்ககத்துல. வருஷா வருஷம் புதுசா முடிக்கிறவங்களுக்கு வேலை கொடுக்கணுமேன்னு வருஷா வருஷம் தரத்தைப் பெருசாக்கிட்டே வர்றோம்."

பக்கத்து மேசைக்காரரிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார் அட்டவணைக்காரர். எங்கள் வேலைவாய்ப்பு விகிதத்தைக் கணக்கிடுகிறேன் என்றார் அவர். படிப்பு பிடித்திருந்ததா என்று கேட்டதற்கு, "மனநிறைவா இருந்துச்சுங்க" என்றார். அடுத்தவரும் மனநிறைவாக இருந்தது என்றார். மூன்றாமவர், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

பிறகு நூலகம். ஒரு மாணவருக்கு இத்தனை புத்தகம் என்ற விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் என்றார் இயக்குநர். புத்தகம் வாங்க வழி இல்லாததால், உள்ளே விடும் மாணவர்களைக் குறைத்து அந்த இடத்தைப் பிடித்தார்களாம். உள்ளே ஒரே ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். அவர் விகிதத்துக்காக அமர்த்தப்பட்டவர் என்பதால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்தது ஆராய்ச்சி. பேராசிரியர்கள் ஒருவர் கட்டுரையில் மற்றவரைக் குறிப்பிடுவார்கள், மற்றவர் தம் கட்டுரையில் இவரைக் குறிப்பிடுவார். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராத மாதிரிதான் அதுவும் நடந்தது. மரியாதையான மனிதர்கள் என்று அட்டவணைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"வகுப்புக்குச் சராசரியா எத்தனை பேர் சார்?" என்று அவர் கேட்டார்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அங்கதான் நாங்க நிக்கிறோம். ரொம்பக் கம்மி. அதுக்காகவே ஆளே சேராத விருப்பப் பாடங்கள் நிறைய வெச்சிருக்கோம். அந்த வகுப்பையெல்லாம் சேர்த்துச் சராசரி போட்டா, எவ்வளவு கூட்டமா இருந்தாலும் இறங்கிடும்."

அட்டவணைக்காரருக்கு ஏதோ எங்கேயோ உறுத்தியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "ஒரு வகுப்புல உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குத்தானே வியாழக்கிழமை வரச் சொன்னோம். வியாழக்கிழமைதான் மாதிரி வகுப்பு."

மாதிரி வகுப்பு நடந்த அரங்கில் மாணவர்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகளுக்குக் கடைசி வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள். பாடம் எடுக்க வந்தவரைப் பார்த்ததும், சாக்பீஸ் சார் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். மற்ற பேராசிரியர்கள் திரையில் படம் காட்டும்போது இவர் மட்டும் இன்னும் கரும்பலகையில் எழுதுகிறாராம். விருந்தாளிகளுக்கு அது பிடிக்கிறது என்பதால் இயக்ககம் அனுமதித்திருந்தது.

சராசரி என்றால் என்ன என்பது அன்றைய பாடம். சார் ஒரு வாக்கியம் சொன்னார், மாணவர்கள் தலையசைத்தார்கள். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அசைந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். சார் "நல்ல கேள்வி" என்று பதில் சொன்னார். அவள் உட்கார்ந்ததும் இடது ஓரத்தில் ஒரு பையன் எழுந்தான். அதுவும் நல்ல கேள்வியாக இருந்தது. ஒரு நகைச்சுவை வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அட்டவணைக்காரருக்கு வியப்பாக இருந்தது. அவர் போட்ட அட்டவணைப்படி ஒரு வண்டிகூட இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

அப்போதுதான் அவர் கையைத் தூக்கினார். துணிச்சல் எல்லாம் இல்லை. சராசரி என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், உள்ளே இருந்த குடைச்சல் தானாகக் கையைத் தூக்கிவிட்டது. பணியாளர் ஒருவர் ஓடிவந்து கருத்து அட்டையை நீட்டினார். அதற்குள் சார் பார்த்துவிட்டார்.

"சொல்லுங்க."

"சார், நான் பஸ் ஆபீஸ்ல இருக்கேன். எங்க கணக்குல வண்டியெல்லாம் பாதி காலியாத்தான் போகுது. ஆனா வண்டியில வர்ற யாரைக் கேட்டாலும் நிக்க இடமில்லைங்கறாங்க. யார் சார் பொய் சொல்றாங்க?"

எப்போது தலையசைப்பது என்று மாணவர்களுக்குத் தெரியவில்லை. சார் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடியும் சாக்பீஸை எடுத்து, பலகையில் இருந்த அத்தனையையும் கையாலேயே அழித்துவிட்டு, இரண்டு வண்டிகளை வரைந்தார். பேருந்து மாதிரியே இல்லை, இரண்டு தீப்பெட்டி மாதிரி இருந்தன.

"வண்டிக்கு அறுபது பேர் கொள்ளும்னு வைங்க. இந்த வண்டியில அறுபது பேர். இந்த வண்டியில யாருமே இல்ல. உங்க ஆபீஸ்ல சராசரி எவ்வளவு போடுவீங்க?"

"முப்பது."

"பாதி காலி. சரி. இப்ப இறங்கி வர்ற ஆளுங்களை ஒவ்வொருத்தரா நிறுத்தி, உங்க வண்டியில எத்தனை பேர்னு கேளுங்க. என்ன சொல்லுவாங்க?"

அட்டவணைக்காரர் இரண்டு தீப்பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் அறுபதுன்னுதான் சொல்லுவாங்க."

"காலி வண்டியில வந்தவங்க?"

"அதுல யாரும் வரலையே சார்."

"அதான். காலி வண்டி எவ்வளவு சுகமா இருந்துச்சுன்னு வந்து சொல்ல ஆளே கிடையாது. யாரும் பொய் சொல்லலங்க. உங்க ஆபீஸ் வண்டியைக் கேட்டுச்சு. நீங்க ஆளைக் கேட்டீங்க."

எத்தனையோ வருஷமாக மண்டைக்குள் கிடந்த கல் ஒன்று அந்த நிமிஷத்தில் பொடியாகிப் போனது. அட்டவணைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெரிய ஆள் கண் கலங்குவதற்கு இது ஒரு காரணமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் கலங்கியது.

மூன்றாம் வரிசைப் பெண் எழுந்தாள். இந்த முறை அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. "சார், அப்ப நம்ம வகுப்புச் சராசரி கம்மின்னு புத்தகத்துல போட்டிருக்கே, ஆனா நாம இங்க இடிச்சுக்கிட்டு..." என்று தொடங்கினாள். இயக்குநர் மணியை அடித்துவிட்டார். வகுப்பு முடிந்தது.

அன்று மாலை அட்டவணைக்காரர் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார். பாலத்தடிக் கல்லூரிக்கு அவர் போகவே இல்லை. அங்கே என்ன தெரிந்துவிடப் போகிறது, கிரீடம் வைத்தவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள் என்றார். மனைவிக்கும் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை, ஏனென்றால் நடந்து பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். விடுப்பு எழுதிக் கொடுத்தார். அவர் நாற்காலியில் மேலதிகாரியின் மருமகன் உட்கார்ந்தான்.

முதல் நாள் வகுப்புக்கு அவர் புது நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தார். வேறு யாரும் கொண்டுவரவில்லை. அவர்கள் கையில் ஒரு தட்டச்சுப் பிரதி மட்டும் இருந்தது. இயக்குநர் மேடையேறி வரவேற்புரை ஆற்றினார்.

"புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ஒரு காலத்துல இங்க தினமும் விதவிதமா வகுப்பு நடந்துச்சு. என்ன ஆச்சு? சில நாள் நல்லா இருந்துச்சு, சில நாள் நல்லா இல்ல. ஏற்ற இறக்கம். தரத்துக்கு முதல் எதிரி ஏற்ற இறக்கம்தான். யோசிச்சோம். ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கிட்டோம். அதை ஒழுங்கா செய்வோம்னு முடிவு பண்ணோம். வெள்ளியில இருந்து புதன் வரைக்கும் ஒத்திகை, வியாழக்கிழமை வகுப்பு. ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க வெளிய போகும்போது, இந்த ஒரு பாடத்துல உங்களை யாரும் அசைக்க முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். பிரதியில் அதற்கும் குறிப்பு இருந்தது.

அட்டவணைக்காரர் தமக்குக் கொடுத்த பிரதியைப் புரட்டினார். நடுப்பக்கத்தில் புதிதாகச் சேர்த்த ஒரு பகுதி இருந்தது. 'பேருந்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் தயங்கி எழுவார். வண்டியைப் பற்றிக் கேட்பார். பேராசிரியர் எதிர்பாராதவர் போலச் சாக்பீஸை வைப்பார், கண்ணாடியைக் கழற்றுவார். கேட்டவர் கண் கலங்குவார்.'

அந்தப் பகுதிக்கு ஆள் தேர்வு நடந்தது. அவர் எழுந்து, அது என்னுடைய கேள்வி என்றார். சந்தோஷம், அப்படியானால் செய்து காட்டுங்கள் என்றார் இயக்குநர். அவர் தயங்கினார், கேட்டார். விடைதான் தெரியுமே, கண் எப்படிக் கலங்கும்? கலங்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் இயக்குநர். "நீங்க பஸ் ஆபீஸ்ல இருந்த மாதிரியே தெரியல. அனுபவம் முகத்துல வரணும்."

அந்தக் கேள்வி மூன்றாம் வரிசைப் பெண்ணுக்குப் போனது. எல்லாக் கேள்வியும் கடைசியில் அவளிடமே போய்ச் சேர்ந்ததால் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயராகிவிட்டது. வீட்டு வாசலில் கார் ஏறிக் கல்லூரி வாசலில் இறங்குகிற பெண் அவள். முதல் ஒத்திகையிலேயே கண் கலங்கிவிட்டாள். அட்டவணைக்காரருக்குத் தலையசைக்கும் வேலை கிடைத்தது.

ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது சாக்பீஸ் சார் அவர் அருகில் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் நிஜமாவே சந்தோஷப்பட்டேங்க. அதைப் பார்த்துட்டு எழுதி வெச்சுட்டாங்க. இப்ப வாராவாரம் சந்தோஷப்பட வேண்டியிருக்கு."

"நீங்களா எதையாவது சொல்லிக் கொடுக்கக் கூடாதா சார்?"

"நானா ஆரம்பிச்சா பிரதியில இருந்து விலகல்னு போட்டுருவாங்க. மாணவர் கேட்டாலும் அதே கதைதான். விருந்தாளி கேட்டா மட்டும் நான் பதில் சொல்லியே ஆகணும். விருந்தாளி மனசு கோணக் கூடாதுங்கறது அவங்களே போட்ட விதி. ஆனா விருந்தாளி எங்க கேட்கிறாங்க? எல்லாரும் மிக மிக நன்றுன்னு எழுதிட்டுப் போயிடறாங்க."

வீட்டில் மனைவி நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்டாள். இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? அவர் முதலில் பூசி மெழுகினார். பிறகு, சராசரி என்றார். மறுநாளும் சராசரி. ஒரு வாரம் முழுக்கச் சராசரி என்றதும் மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மருத்துவமனையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அவள் விருந்தாளி வில்லையைக் குத்திக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அட்டவணைக்காரர் நடுவரிசையில் தலையசைத்துக்கொண்டிருந்தார். சார் ஒரு வாக்கியம் சொன்னார், சிரிப்பு வந்தது, போனது. கேள்விக்காரி தயங்கி எழுந்தாள். "சார், நான் பஸ் ஆபீஸ்ல இருக்கேன்" என்று தொடங்கினாள். சார் சாக்பீஸை வைத்தார்.

"இரும்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நீ எந்த பஸ் ஆபீஸ்ல இருக்கே? அது எங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வி."

பணியாளர் அட்டையோடு ஓடினார். மனைவி அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சார், நான் ஒண்ணு கேட்கலாமா?"

சார் இயக்குநரைப் பார்த்தார். வில்லை குத்திய விருந்தாளி. இயக்குநரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "கேளுங்க" என்றார் சார்.

"எங்க வீட்டுக்காரர் இருந்த வேலைக்கு லீவு போட்டுட்டு இங்க வந்து சேர்ந்திருக்காரு. சேர்றதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சுட்டுத்தான் சேர்ந்தாரு. வகுப்புல உட்கார்ந்து பார்த்தாரு, இங்க படிச்சு முடிச்சவங்களைக் கேட்டாரு, எல்லாரும் மனநிறைவுன்னாங்க. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. அப்படியும் ஏமாந்துட்டாரு. ஒரு படிப்பு நல்லதா இல்லையான்னு சேர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"அம்மா, அதுக்குத்தான் நாங்க கிரீடம்..." என்று இயக்குநர் எழுந்தார்.

சார் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் இங்க இருக்கிறவங்களைக் கேட்டாரு. பிடிக்காம போனவங்க இங்க எப்படிம்மா இருப்பாங்க?" என்றார்.

"அப்ப போனவங்களைத் தேடிக் கேட்கணுமா?"

"அவங்களை மட்டும் கேட்டீங்கன்னா, உலகத்துல இதைவிட மோசமான இடம் இல்லன்னு நினைச்சுருவீங்க. சேர்ந்தவங்க மொத்தப் பேரையும் எடுக்கணும். அதுல யாரையும் பொறுக்காம, கண்ணை மூடிட்டுச் சிலரை எடுக்கணும். எப்படி எடுக்கறதுன்னு சொல்றேன், பாருங்க."

பலகை பக்கம் திரும்பினார். அவர் எழுதுகிற வேகத்தில் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. நடுவரிசையில் ஒரு சலசலப்பு. எழுதிக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. ஆனால் பேனா வைத்திருக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கேள்விக்காரி பின்வரிசைக்கு ஓடி விருந்தாளிகளின் துணிப்பைகளிலிருந்து பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பிரதியின் வெள்ளைப் பின்பக்கத்தில் எழுதினார்கள். இயக்குநர் மணியடித்தார். யாரும் எழவில்லை. மறுபடி அடித்தார். பிறகு மணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வண்டி வந்தது. நிற்க இடமில்லை. இருவரும் பார்த்துக்கொண்டார்கள், சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த சாருக்கு விஷயம் தெரியுதுங்க" என்றாள். "ஆனா வில்லை குத்தினவங்க கேட்டாத்தான் வாயைத் திறக்கறாரு. அடுத்த வாரம் எங்க டாக்டரை வரச் சொல்றேன். மனுஷனுக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கு."

டாக்டர் வந்தார். அடுத்த வாரம் ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். தான் குடையை மறந்துவிட்டு வருகிற அன்றைக்கு மட்டும் பார்த்து மழை பெய்வது ஏன் என்று கேட்டார். மழை பெய்யாத நாளில் குடையை மறந்தது யாருக்கு நினைவிருக்கும் என்று தொடங்கி, சார் மூன்று வாரத்துப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்தார். அட்டவணைக்காரரின் மாமியார் வந்து, முட்டிவலி தைலத்தால் போகிறதா தானாகப் போகிறதா என்று கேட்டார். அதற்கு முழு அரையாண்டுப் பாடம் பிடித்தது, மாமியார் வாராவாரம் வந்தார். காய்கறிக் கடைக்காரர், மூட்டையில் எத்தனை தக்காளியை எடுத்துப் பார்த்தால் மூட்டை முழுவதையும் நம்பலாம் என்று கேட்டார். சாருக்கு நரை குறைந்தது போல் இருந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளத் தொடங்கினார். ஒத்திகைகள் வழக்கம்போல நடந்தன. வியாழக்கிழமை மட்டும் படிப்பு நடந்தது.

ஆண்டு முடிவில் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. இனித் தொலைந்தோம் என்று சார் பயந்துகொண்டிருந்தார். குழுவினர் பின்வரிசையைப் பார்த்து அசந்துபோனார்கள். மெத்தை நாற்காலிகள் போதாமல் விருந்தாளிகள் சுவரோரம் நின்றார்கள். அறிக்கை படிக்க நடந்த கூட்டத்தில் இயக்குநர் பேசினார்.

"நம்ம தரத்தைப் பார்க்க ஜனங்க இப்படி முண்டியடிப்பாங்கன்னு நானே எதிர்பார்க்கல. விருந்தாளி ஈர்ப்புல நாமதான் முதல். இதுக்காக நமக்கு ரெண்டாவது கிரீடம் கொடுத்திருக்காங்க. குழு ஒரே ஒரு குறைதான் சொல்லியிருக்கு. மாணவர்கள் குறிப்பெடுக்கிற சத்தம் விருந்தாளிகளுக்கு இடைஞ்சலா இருக்காம். அதைச் சரிபண்ணிக்கலாம்."

கூட்டம் முடிந்து அட்டவணைக்காரர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். சாருடைய பாடத்தில் ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் உற்சாகமாக இருந்தார். அதே சமயம் பாலத்தடிக் கல்லூரியின் ஒற்றைத் தாளும் அவ்வப்போது நினைவுக்கு வரும். அங்கே காலையில் வகுப்பு நடக்கும் என்று போட்டிருந்ததே, நடந்துதான் இருக்குமோ என்று தோன்றும். அதைத் தெரிந்துகொள்ள இனி வழி இல்லை. அது அவர் ஏறாத வண்டி. நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

எதிரே ஒரு பெண் வந்தாள். கையில் இரண்டு கிரீடம் அச்சடித்த புதுப் புத்தகம். ஏதோ அலுவலகத்திலிருந்து நேராக வந்தவள் போலத் தோளில் சாப்பாட்டுப் பை.

"சார், நீங்க இங்கதான் படிக்கிறீங்களா? வார முடிவுக்குள்ள நான் பதில் சொல்லணும். படிப்பு எப்படி இருக்கு?"

மனநிறைவாக இருக்கிறது என்று நாக்கு தானாகப் புரண்டது. அவர் அதை விழுங்கிக்கொண்டார். மோசம் என்று சொன்னால் சாருக்குத் துரோகம். நல்லது என்று சொன்னால் இவளுக்குத் துரோகம்.

"என்னைக் கேட்காதீங்கம்மா" என்றார். "நான் சேர்ந்துட்டேன்."

அவள் விழித்தாள். "அப்ப யாரைக் கேட்கிறது?"

"வியாழக்கிழமை வாங்க. வில்லை குத்துவாங்க, குத்திக்கோங்க. அட்டை கொடுப்பாங்க, அதை எழுதாதீங்க. ரொம்ப நாளா உங்களுக்கு விடை தெரியாம ஏதாவது குடைஞ்சுக்கிட்டு இருக்கும் இல்லையா, அதைக் கேளுங்க. கேட்டுட்டு அந்த சார் முகத்தைப் பாருங்க. அப்படியே பாலத்தடியில ஒரு காலேஜ் இருக்கு, அங்கயும் போய் அதே கேள்வியைக் கேட்டுட்டு வாங்க." அவர் சற்றுத் தயங்கினார். "அங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கும் வந்து சொல்லுங்க."